மாற்றும் முன் கண்டுபிடியுங்கள்

"அண்ணே, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்ங்கிறான் பையன். நீங்க ஒரு தரம் வந்து பாருங்க. நீங்களும் போடலாம்னு சொல்லிட்டா நான் குறுக்கே நிக்கமாட்டேன்."

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வந்த தொலைபேசி இது. பேசியவர் என் நண்பரின் மனைவி. நண்பர் ரயில்வேயில் டிரைவராக இருந்தவர். ஆந்திரத்தில் என்னோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவர். 2021இல் காலமானார். வண்டி அவருடைய 1992ஆம் வருஷத்து என்ஃபீல்ட் புல்லட் 350. பி.எஃப். கடன் போட்டு, சென்னையில் வாங்கி, ரயில் பார்சலில் ஏற்றிக் குண்டக்கல்லுக்குக் கொண்டு வந்தார். ஓய்வு பெற்றுச் செகந்திராபாத்தில் குடியேறியபோது அதுவும் கூடவே வந்தது. இரண்டு பெண்களைப் பள்ளியில் கொண்டு விட்டதும், மகனை நள்ளிரவில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அந்த வண்டிதான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வண்டியைப் பற்றியது மட்டுமல்ல. அதைச் சாக்காக வைத்து நம் வீடுகளைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம்.

நான் போனபோது பையன் வாசலில் நின்றிருந்தான். பையன் என்றால் முப்பத்திரண்டு வயது, கணினி நிறுவனத்தில் நல்ல உத்தியோகம். கையில் ஒரு காகிதம். "பாருங்க மாமா, மூணு மாசமா இதான் கதை" என்று நீட்டினான். புகைச் சோதனையில் தேறவில்லை என்று எழுதிக் கொடுத்த சீட்டு. இரண்டு முறை போய் இரண்டு முறையும் தோல்வி. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. அதற்குப் பின் வந்த வண்டிகளுக்கு இன்னும் குறைவு. இவன் வண்டி காட்டியது 6.8. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடிய வண்டி 22க்கு இறங்கிவிட்டது. சிக்னலில் நின்றால் பின்னால் இருப்பவர் மூக்கைப் பொத்துகிறார்.

மெக்கானிக் என்ன செய்தார் என்று கேட்டேன். முதலில் பிளக்கை மாற்றினார். கறுப்பு நிற்கவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. 'பெட்ரோல் ஜாஸ்தியாகப் போகிறது' என்று சொல்லி மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டுச் சிறிய ஜெட் போட்டார். அதற்குப் பிறகு புதிதாக ஒரு தொல்லை. நெடுஞ்சாலையில் எழுபதுக்கு மேல் போனால் எஞ்சின் சூடாகித் திணறுகிறது. 'பிஸ்டன் போய்விட்டது, ரீபோர் செய்து புதுக் கார்புரேட்டரும் போட வேண்டும், பன்னிரண்டாயிரம் ஆகும்' என்று சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் இன்னொருவர், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் வண்டியை நிறுத்தாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பையன் மறுத்துவிட்டான். அப்பன் பேரைக் காப்பாற்றினான் என்று மனசுக்குள் நினைத்துக் கொண்டேன்.

இனி நான் கற்ற பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த மெக்கானிக் செய்ததையே நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன், இதைவிடப் பெரிய அளவில்.

டிப்ளமா முடித்து டீசல் ஷெட்டில் சேர்ந்த புதிது. டபிள்யூ.டி.எம்.-2 வகை லோகோ ஒன்று கரும்புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத்திறன் எஞ்சின். கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம், எண்ணெய் அதிகம் என்றால் இன்ஜெக்டர் கோளாறு என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பதினாறு இன்ஜெக்டர்களையும் கழற்றி மாற்ற வைத்தேன். ஒரு ஷிப்ட் முழுக்க நாலு பேர் உழைப்பு. எஞ்சினைக் கிளப்பினால் அதே கரும்புகை. ஃபோர்மன் வந்தார். திட்டவில்லை. "எண்ணெய் ஜாஸ்தின்னு எப்படி முடிவு பண்ணே? காத்து கம்மியா இருந்தாலும் இதே புகைதானே வரும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் பாதையைப் பார்க்கச் சொன்னார். ஓர் இணைப்பில் காற்று கசிந்து வீணாகிக் கொண்டிருந்தது. அதைச் சரி செய்ததும் புகை நின்றது. கழற்றிய பதினாறு இன்ஜெக்டர்களில் ஒன்றில்கூடக் குற்றமில்லை.

அன்று முதல் இரண்டு விதிகளை வைத்துக்கொண்டேன். ஒன்று, கண்டுபிடிப்பதற்கு முன் எதையும் மாற்றக் கூடாது. இரண்டு, மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். குணம் தெரியாவிட்டால் பழையதைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். டீசல் லோகோவுக்குப் பொருந்தும் இந்த விதி புல்லட்டுக்கும் பொருந்தும்.

பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் கூடினாலும் கலவை 'ரிச்' ஆகிறது. எரியாமல் மிஞ்சுவது கரியாகப் பிளக்கில் படியும், கரும்புகையாக சைலன்சர் வழியே வரும், விஷவாயுவாகச் சோதனைக் கருவியில் தெரியும். வீணாகும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். ஆகவே இதை அலட்சியப்படுத்தினால் கடைசியில் நிஜமாகவே ரீபோர் வந்து சேரும்.

முதலில் புகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் கலவைக் கோளாறு. நீலம் கலந்த வெள்ளை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையம், வால்வு பக்கம் போக வேண்டும். இந்த வண்டியில் நீலம் துளியும் இல்லை. பிளக்கைக் கழற்றி விரலால் தடவினேன். உலர்ந்த கரி, அடுப்புக்கரி மாதிரி கையில் ஒட்டியது. ஆயில் எரிந்தால் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். கிக்கரை அழுத்திப் பிஸ்டனை மேலே கொண்டு வந்து, என் எழுபது கிலோ உடம்போடு அதன் மேல் ஏறி நின்றேன். சட்டென்று இறங்கவில்லை, தாங்கி நின்றது. பன்னிரண்டாயிரத்தில் பெரும்பங்கு அந்த நிமிஷமே மிச்சமாகிவிட்டது. பிஸ்டன் போகவில்லை.

அடுத்த கேள்விதான் முக்கியம். கோளாறு எப்போது தெரிகிறது? கார்புரேட்டர் என்பது ஒரே குழாய் அல்ல. வேளைக்கு ஒரு ஆள் வேலை பார்க்கும் இடம் அது. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதும், ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருப்பும்போதும் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திருப்பும்போது நீடிலும் அது இறங்கும் குழலும் அளவு வைக்கின்றன. முக்கால் பங்குக்கு மேல் முறுக்கினால்தான் மெயின் ஜெட்டுக்கு வேலை. எந்த வேளையில் கறுப்பு வருகிறது என்று தெரிந்தால் எந்த ஆளைப் பிடிப்பது என்று தெரிந்துவிடும்.

ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டேன். பையனை ஓட்டச் சொன்னேன். போய் வந்து சொன்னான்: "அரையில வெச்சா நல்லாப் போகுது மாமா. நிறுத்தி நிக்கும்போதுதான் குமட்டுது. ஃபுல்லா முறுக்கினாத் திணறுது." பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. புகைச் சோதனை எடுப்பது வண்டி நின்ற நிலையில், ஐடிலிங்கில். அந்த வேளையில் மெயின் ஜெட் தூங்கிக்கொண்டிருக்கிறது. தூங்குகிறவனைப் பிடித்து அடித்தால் திருட்டு எப்படி நிற்கும்? சிறிய மெயின் ஜெட் போட்டதால் ஐடிலிங் கறுப்பு குறையவில்லை. அதற்குப் பதில், முழு முறுக்கில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் காய்ந்தது. சூடாகித் திணறியது அதனால்தான். அதைப் பார்த்துப் பிஸ்டன் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, அந்த மருந்து கொடுத்த நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யப் பார்த்த கதை.

பழைய மெயின் ஜெட் எங்கே என்று கேட்டேன். பையன் உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டு வந்தான். "அப்பா எதையும் தூக்கிப் போட விடமாட்டாங்க" என்றான். அதைத் திரும்ப மாட்டியதும் நெடுஞ்சாலைத் தொல்லை ஒழிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. கறுப்புக்குப் பயந்து வெளுப்புக்கு ஓடக் கூடாது. ரிச்சாக ஓடும் எஞ்சின் காசைத் தின்னும். பெட்ரோல் போதாமல் ஓடும் எஞ்சின் தன்னையே தின்னும். பிளக் முனை வெளிர்பழுப்பாக இருப்பதே சரி.

மீதி ஐடிலிங் கறுப்பு. வரிசையாகப் பார்த்தோம். புது ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருந்தது, தீப்பொறி பளிச்சென்று நீலமாக விழுந்தது. பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் சரியாக எரியாமல் பிளக் கறுக்கும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். மிதவை கனத்துத் தாழ்ந்து, பெட்ரோல் மட்டம் உயர்ந்து, எல்லா வேளையிலும் கலவை ரிச் ஆகும். சத்தமில்லை. மிதவை ஊசியின் முனையில் தேய்மானம் இல்லை. பைலட் ஜெட்டின் எண் சரியாக இருந்தது, யாரும் கம்பி விட்டுக் குடையவில்லை.

கம்பி விடுவது என்றதும் என் பழைய பாவம் ஒன்று ஞாபகம் வருகிறது. 1983இல் என்னிடம் ஒரு ராஜ்தூத் இருந்தது. ஜெட் அடைத்துக்கொண்டது என்று இரும்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். பித்தளை மெதுவான உலோகம், துளை பெரிதாகிவிட்டது. அடுத்த ஒரு மாதம் அந்த வண்டி என்னைச் சுற்றி மேகம் போட்டுக்கொண்டு போனது. ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி கூடாது.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, எஞ்சினைச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்தோம். இந்த வகைக் கார்புரேட்டரில் அதை வெளியே திருப்பினால் காற்று கூடும், உள்ளே திருப்பினால் குறையும். முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே என்பது வழக்கமான ஆரம்ப இடம். சில கார்புரேட்டர்களில் இந்த ஸ்க்ரூ எஞ்சின் பக்கமாக இருக்கும். அவற்றில் இது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதால் பலன் நேர்மாறாகிவிடும், தெரியாமல் திருப்பாதீர்கள். சரியாக இருக்கும் வண்டியில் இந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினாலே எஞ்சின் ஓசை மாறும். இங்கே இரண்டு சுற்றுத் திருப்பியும் எஞ்சின் கவலைப்படவில்லை.

இதற்கு என்ன அர்த்தம்? பைலட் வழியாகப் போவது குறைந்தாலும் கூடினாலும் எஞ்சினுக்கு ஒன்றுதான் என்றால், பெட்ரோல் வேறு ஏதோ ஒரு வழியாக வந்துகொண்டிருக்கிறது. ஐடிலிங்கில் பெட்ரோல் வர வேறு என்ன வழி இருக்கிறது? "சோக்" என்றான் பையன். நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இந்தக் கார்புரேட்டரில் ஒரு தனி வழி உண்டு. சோக் நெம்பைத் தூக்கினால் ஒரு சிறு பிளஞ்சர் மேலே ஏறிக் கூடுதல் பெட்ரோலுக்கு வழி விடும். கீழே விட்டால் அதன் அடியில் இருக்கும் ரப்பர் அந்த வழியை அடைக்கும். பிளஞ்சரை உருவிப் பார்த்தோம். ரப்பர் இறுகி, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, ஓரத்தில் கிழிந்திருந்தது. சோக் மூடியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். உள்ளே இருபத்துநாலு மணி நேரமும் பாதி திறந்தே இருந்திருக்கிறது. ஐடிலிங்கில் எஞ்சினுக்கு வேண்டியது கொஞ்சம் பெட்ரோல்தான் என்பதால் இந்தக் கசிவு அங்கே வெள்ளமாகத் தெரிந்தது. அரை முறுக்கில் பெட்ரோலும் காற்றும் நிறையப் போவதால் அது கணக்கில் வரவில்லை.

ராணிகஞ்சில் ஒரு பழைய பாகங்கள் கடையில் புது பிளஞ்சர் கிடைத்தது. விலை நூறு ரூபாய்க்குள். மாட்டி, ஏர் ஸ்க்ரூவைச் சரி செய்து, அடுத்த வாரம் புகைச் சோதனைக்குப் போனான். காட்டியது 2.6.

இதற்கு நடுவில் அக்கம்பக்கத்தார் சொன்ன காரணங்கள் இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, 'இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அதனால்தான் கரும்புகை' என்பது. 2025இல் நம் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது உண்மை. ஆனால் எத்தனால் எரிய, எடைக்கு எடை, சுமார் 9 பங்கு காற்றுப் போதும். ஆகவே அதே ஜெட்டில் எத்தனால் கலந்த பெட்ரோல் போனால் கலவை காற்றுப் பக்கமாகச் சாயுமே தவிர ரிச் ஆகாது. பழைய ரப்பர் பாகங்களை எத்தனால் கெடுக்கக்கூடும் என்பது சரிதான். இந்த பிளஞ்சர் ரப்பரைக் கெடுத்தது எத்தனாலா, முப்பது வருஷ வயசா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இரண்டாவது, 'சென்னைக்காக டியூன் செய்த வண்டி, இங்கே உயரமான ஊர், காற்று லேசு' என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் அளவு பார்க்க வேண்டும். செகந்திராபாத் கடல் மட்டத்துக்குச் சுமார் 540 மீட்டர் மேலே இருக்கிறது. அதனால் கலவை இரண்டரை, மூன்று சதவீதம் ரிச் ஆகலாம். பெங்களூரில் நாலைந்து சதவீதம், ஊட்டியில் பத்துக்கு மேல். ஊட்டிக்காரர் ஜெட் மாற்ற வேண்டியதுதான். நம் ஊரில் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் போதும். 6.8 சதவீதப் புகைக்கு உயரத்தின் மேல் பழி போட முடியாது. காரணம் என்று ஒருவர் எதைச் சொன்னாலும், அது எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பாதிக் காரணங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். மெக்கானிக்குகள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதுவது சுலபம். நான் அப்படி எழுதப் போவதில்லை. இந்த மெக்கானிக் கெட்டவர் அல்ல. ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து, நூறு ரூபாய்ப் பாகம் ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், நாம் என்ன கொடுத்திருப்போம்? பாகத்துக்கு நூறு, மாட்டியதற்கு ஐம்பது. 'அஞ்சு நிமிஷ வேலைக்கு இதுவே ஜாஸ்தி' என்றும் சொல்லியிருப்போம். டாக்டருக்கு மருந்து எழுதும் முன்பே ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக்குக்கு மட்டும் கழற்றி மாட்டிய பாகத்தின் எடைக்குத்தான் கூலி. அவர் பாகத்தை மாற்றாமல் வேறு என்ன செய்வார்? கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுங்கள். 'கோளாறு என்ன என்று மட்டும் பார்த்துச் சொல், அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன். மாற்றுவது பிறகு' என்று சொல்லிப் பாருங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். எதனால் அது கெட்டது என்று கேளுங்கள்.

ஆனால் கேட்பதற்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் குற்றம் நம் வீட்டுக்குள் வருகிறது.

நண்பரும் நானும் கை அழுக்காகிச் சம்பாதித்தவர்கள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு ஞாயிற்றுக்கிழமையும் போகாது. நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று இருவரும் நினைத்தோம். பையன் ஆசையாகப் பக்கத்தில் வந்து ஸ்பானரைத் தொட்டால், "போ, போய்ப் படி, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று விரட்டினோம். நான் என் மகனை அப்படி விரட்டியது எத்தனை முறை என்று எண்ண முடியாது. அவன் படித்தான், நன்றாக இருக்கிறான், சந்தோஷம். இன்று அவன் வீட்டில் குழாயில் வாஷர் போனாலும் ஆள் வரும் வரை வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வருகிறவன் குழாயையே மாற்ற வேண்டும் என்றால் சரி என்கிறான். அவனுக்கு மூளை இல்லையா? என்னைவிடப் பத்து மடங்கு உண்டு. அலுவலகத்தில் கணினி நிரலில் பிழை வந்தால் வரிவரியாகத் தேடி, ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறான். அதே புத்தியைக் குழாயிலும் வண்டியிலும் செலுத்தலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் செய்தவன் நான்.

ஊரைவிட்டு வந்த நமக்கு இது இன்னும் பெரிய நஷ்டம். சொந்த ஊரில் மாமனோ சித்தப்பனோ ஒருவர் இருப்பார். 'இரு, நான் வந்து பார்க்கிறேன்' என்பார். இங்கே பாஷையும் அரைகுறை, தெரிந்த ஆளும் இல்லை. சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

பழைய வண்டிகள் சாலையை விட்டுப் போக வேண்டும், அவைதான் காற்றைக் கெடுக்கின்றன என்று சிலர் சொல்லலாம். விதிக்கு உட்படாத வண்டி சாலையில் ஓடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எல்லாம் பார்த்த பிறகும் 4.5க்குக் கீழே வராவிட்டால் நானே அந்த அம்மாவிடம் போடச் சொல்லியிருப்பேன். ஆனால் கெட்டது வண்டியா, ஒரு ரப்பரா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது, இனி இந்த வித்தை எதற்கு என்றும் கேட்கலாம். அந்த வண்டியிலும் விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றிவிட்டு, பிறகு அதற்குப் போகும் ஒயர்தான் அறுந்திருந்தது என்று கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. கருவி மாறினாலும் தேடும் முறை மாறவில்லை.

நம் சங்கத்தில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, பாட்டு, பரதநாட்டியம் எல்லாம் நடக்கின்றன. மிகவும் நல்லது. அதோடு மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், ஸ்பானர் வகுப்பு ஒன்று வைத்தால் என்ன? பையன்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும்தான். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது, குழாய்க்கு வாஷர் போடுவது, ஃப்யூஸ் ஏன் போயிற்று என்று பார்ப்பது. யாரையும் மெக்கானிக் ஆக்குவதற்காக அல்ல. ஒரு பொருள் கெட்டால் ஏன் என்று கேட்டுவிட்டுப் பிறகு கை வைக்கும் பழக்கம் வரட்டும் என்றுதான். எஞ்சின் ஓட்டுவதை மட்டும் திறந்த வெளியில் வைத்துக்கொள்வோம். மூடிய இடத்தில் அந்தப் புகை உயிரைக் குடிக்கும். ரயில்வேயிலும் ராணுவத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! காலையில் பேப்பரை மூன்று முறை படிக்கிறோம். நம் கையில் இருக்கும் வித்தை நம்மோடு போக வேண்டுமா?

அந்தப் பையன் இப்போது மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். "கலர் சரியா மாமா?" என்று கேட்கிறான். கார்த்திகையில் ஒருநாள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, வழியில் என் வீட்டுக்கும் வந்தான். வாசலில் வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை.

சங்கத்துச் செயற்குழு ஒரு ஞாயிற்றைக் குறித்துச் சொல்லட்டும். என் ஸ்பானர் பெட்டியை நான் கொண்டு வருகிறேன்.